சாலை விபத்தில் முதல் ஆளாகப் போய் நிற்பவருக்கு: 108 வரும்வரையும் அதற்கு அப்புறமும்

இரண்டு வருடங்களுக்கு முன், நெடுஞ்சாலையில் இரவு ஒன்பதே காலுக்கு, எனக்கு முன்னால் போன பைக்கை ஒரு லாரி உரசிவிட்டுப் போய்விட்டது. ஓட்டி வந்தவர் நடுத்திட்டு ஓரமாகக் கிடந்தார். நானும் டீக்கடையிலிருந்து ஓடிவந்த இரண்டு பேருமாக அவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஒரு ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துக் கொண்டுபோனோம். வழியில் சோடா வாங்கிக் குடிக்கவும் கொடுத்தோம். ஆஸ்பத்திரியில் நீட்டிய தாளிலெல்லாம் நான் கையெழுத்துப் போட்டேன். வீடு திரும்ப இரவு இரண்டரை ஆனது. அப்புறம் ஒரு மாதத்துக்குள் ஸ்டேஷனிலிருந்து மூன்று முறை கூப்பிட்டார்கள்.

அவர் பிழைத்துவிட்டார். ஆனால் நாங்கள் செய்ததில் பாதி அவரை முடக்கிப் போட்டிருக்கக்கூடியது என்று பிறகு ஒரு 108 மருத்துவ உதவியாளர் பொறுமையாக விளக்கியபோதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியிலும் ஸ்டேஷனிலும் நான் பட்ட அலைச்சலில் பெரும்பகுதி சட்டப்படி தேவையே இல்லாதது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இதைப் படிக்கிற உங்களுக்கு அந்த இரண்டும் நேரக்கூடாது. கீழே இருப்பது தமிழ்நாட்டுச் சாலைகளுக்கானது. இரண்டாவது முறை இப்படிச் செய்தபோது, ஆஸ்பத்திரி வாசலிலிருந்து இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் உதவிக்கு வந்தவருக்கு. மோதிய வண்டியை ஓட்டியவர் நீங்களே என்றால் கீழே சொல்லும் சட்டப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க ஏற்பாடு செய்வதும் போலீசுக்குத் தகவல் சொல்வதும் உங்கள் கடமை.

1. முதலில் உங்கள் வண்டியை ஓரங்கட்டுங்கள்

ஓடிப்போய்க் குனிந்துவிடாதீர்கள். இரவில் சாலை நடுவே குனிந்திருப்பவரை அடுத்து வரும் வண்டி பார்ப்பதில்லை. உங்கள் வண்டியைச் சாலையை விட்டு இறக்கி நிறுத்தி, நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். கூட்டத்தில் ஒருவரைக் கையைக் காட்டி, "அண்ணே, நீங்க பின்னாடி போய் போன் டார்ச்சைக் காட்டி வண்டியை மெதுவாப் போகச் சொல்லுங்க" என்று சொல்லுங்கள். பொதுவாக "யாராவது போங்க" என்றால் யாரும் போகமாட்டார்கள். கவிழ்ந்த பைக்கின் சாவியைத் திருப்பி எஞ்சினை அணையுங்கள். பெட்ரோல் ஒழுகினால் பீடி, சிகரெட்டோடு நிற்பவரை விலக்குங்கள். மின்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டேயே போகாதீர்கள்.

2. 108-க்குப் பேசும்போது எதை முதலில் சொல்வது

எண் 108. அழைப்பும் இலவசம், வண்டியும் இலவசம். தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது. தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033-க்கும் ஒருவர் பேசலாம், டோல்கேட்டில் நிற்கும் ஆம்புலன்ஸ் சில சமயம் அதைவிடக் கிட்டே இருக்கும். ஆனால் 108-க்குப் பேசிவிட்டு அப்புறம் இது.

நேரம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உங்கள் அழைப்பைச் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் எடுக்கிறார். அவருக்கு உங்கள் ஊர் டீக்கடை தெரியாது. "சார், ஆக்சிடென்ட், சீக்கிரம் வாங்க" என்று நான்கு முறை கத்துவதற்குள் ஒரு நிமிடம் போய்விடும். இந்த வரிசையில் சொல்லுங்கள்:

மாவட்டம். தாலுகா அல்லது பக்கத்து ஊர். சாலையின் பெயர். எந்த ஊர் நோக்கிப் போகும் பக்கம். அடையாளம். எத்தனை பேருக்கு அடி. நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா.

"எந்த ஊர் நோக்கிப் போகும் பக்கம்" என்பதை விட்டுவிடாதீர்கள். நடுத்திட்டு இருக்கும் நான்கு வழிச் சாலையில் ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கம் வந்துவிட்டால், திரும்ப அடுத்த இடைவெளி வரை போக வேண்டும். அன்றைக்கு எங்களுக்கு நடந்ததும் அதுதான். எதிர்ப்பக்கம் நீல விளக்கு கடந்து போவதைப் பார்த்தோம், அது திரும்பி வரும் என்று தோன்றாமல் ஆட்டோவில் ஏற்றினோம். அடையாளம் ஒன்றும் கிடைக்காவிட்டால் சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் இருக்கும் ஊர்ப் பெயரையும் எண்ணையும் படித்துச் சொல்லுங்கள். பக்கத்துக் கடைப் பெயர்ப்பலகையில் கீழே பொடி எழுத்தில் முகவரி இருக்கும், அதுவும் போதும்.

போனை நீங்களாக வைக்காதீர்கள். வைத்த பிறகு அந்த எண்ணை வேறு யாருக்கும் பேசப் பயன்படுத்தாதீர்கள், ஏனென்றால் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வழி கேட்டு அதே எண்ணுக்குத்தான் கூப்பிடுவார். அவர்கள் பேச்சில் ஓட்டுநருக்குப் பெயர் பைலட். பின்னால் இருப்பவர் மருத்துவ உதவியாளர், இ.எம்.டி. என்பார்கள். பைலட் பேசும்போது நீங்கள் 'பிஸி'யாக இருந்தால் ஐந்து நிமிடம் போய்விடும். வீட்டுக்குச் சொல்ல வேண்டுமானால் இன்னொருவர் போனை வாங்கிப் பேசுங்கள்.

பக்கத்தில் வண்டியே இல்லை, நெடுநேரம் ஆகும் என்று 108-லேயே சொல்லிவிட்டால் மட்டும் வேறு வண்டியை நினையுங்கள். அப்படியானால் உட்கார வைக்கும் ஆட்டோ வேண்டாம். குட்டியானை மாதிரிப் பின்பக்கம் தட்டையாக இருக்கும் வண்டியைப் பிடித்துப் படுத்த வாக்கிலேயே கொண்டுபோங்கள்.

3. தொடக்கூடாததும் தொட வேண்டியதும்

தண்ணீர், சோடா, டீ எதுவும் வேண்டாம். மயக்கத்தில் இருப்பவருக்குத் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நினைவோடு இருப்பவருக்கும் வேண்டாம், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுப்பதில் சிக்கல். சுற்றி நிற்கும் பெரியவர்கள், "தாகத்துல துடிக்கிறான், ஒரு வாய் குடுப்பா" என்பார்கள். அது அவர்கள் மனசு. உதட்டை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், அதுக்கு மேல் வேண்டாம்.

தூக்கி உட்கார வைக்காதீர்கள். கழுத்து எலும்போ முதுகெலும்போ நொறுங்கியிருந்தால் அந்த ஒரு தூக்கலில் கை கால் நிரந்தரமாகப் போய்விடலாம். தீப்பிடிக்கும், இன்னொரு வண்டி ஏறிவிடும் என்ற நிலை இருந்தால் மட்டுமே நகர்த்த வேண்டும். அப்போதும் தலை, கழுத்து, இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும்படி மூன்று நான்கு பேர் சேர்ந்து நகர்த்துங்கள்.

ஹெல்மெட்டைக் கழற்ற எல்லாருடைய கையும் பரபரக்கும். மூச்சு வருகிறது என்றால் அப்படியே விடுங்கள். கண்ணாடியை மட்டும் மேலே தள்ளி, தாடைப் பட்டையைத் தளர்த்துங்கள். மூச்சே இல்லை, அல்லது உள்ளே வாந்தி எடுத்து அடைக்கிறது என்றால்தான் கழற்ற வேண்டும். அதற்கும் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கழுத்தையும் தாடையையும் அசையாமல் பிடிக்க, மற்றவர் மெதுவாக உருவ வேண்டும்.

ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து வைத்து, காயத்தின் மேலேயே உள்ளங்கையால் அழுத்துங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். "நின்னுடுச்சா" என்று நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி பிய்த்துக்கொண்டு வரும். கம்பியோ கண்ணாடியோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அதைச் சுற்றித் துணியை அணைத்து அசையாமல் வையுங்கள். கையுறை இல்லாவிட்டால் கேரி பேக்கைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

மயக்கம், ஆனால் மூச்சு இருக்கிறது, வாயில் ரத்தமோ வாந்தியோ வருகிறது என்றால் கழுத்தைத் தாங்கியபடி உடம்பை மொத்தமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சே இல்லை, அல்லது இடைவெளி விட்டு விக்குகிற மாதிரி மட்டும் வருகிறது என்றால் 108-ல் சொல்லிவிட்டு மார்பு நடுவே அழுத்தத் தொடங்குங்கள். இரண்டு உள்ளங்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக, முழங்கை மடங்காமல், ஐந்து செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்துவிடும். ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். இதைப் படித்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன. ஒருமுறையாவது பொம்மையின் மேல் அழுத்திப் பார்த்திருந்தால்தான், எவ்வளவு பலம் போட வேண்டும் என்று கைக்குத் தெரியும்.

பேசிக்கொண்டே இருங்கள். பெயர் கேளுங்கள், "வண்டி வந்துட்டே இருக்கு தம்பி, தலையை மட்டும் அசைக்காதீங்க" என்று சொல்லுங்கள். என் இரண்டாவது தடவையில் அடிபட்டிருந்த பையன் என் சட்டை நுனியைப் பிடித்தவன் ஆம்புலன்சில் ஏற்றும்வரை விடவில்லை.

4. போன், பர்ஸ், நகை

பர்சைத் துழாவாதீர்கள். போன் அடித்தால் எடுத்து விவரம் சொல்லுங்கள். பூட்டிய திரையிலேயே அவசரத் தொடர்பு என்ற இடத்தில் உறவினர் எண் சில போன்களில் இருக்கும். பணம், நகை, போன் வெளியே கிடந்தால் எடுத்துச் சுற்றி நிற்பவர்கள் முன்னால் எண்ணி, ஒரு போட்டோ எடுத்து, 108 மருத்துவ உதவியாளரிடம் கொடுங்கள். "நாளைக்கு வீட்டில் கொடுத்துக்கலாம்" என்று நீங்கள் வைத்துக்கொள்ளவே கூடாது. நல்லது செய்யப் போய்த் திருட்டுப் பழி வருவது இந்த ஒரு இடத்தில்தான்.

மோதிவிட்டு ஓடிய வண்டியின் எண்ணை யாராவது பார்த்திருந்தால் அப்போதே போனில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் ஆளுக்கொரு எண் சொல்வார்கள்.

5. 108 வந்ததும்

ஒதுங்கி நில்லுங்கள். மருத்துவ உதவியாளரிடம் நான்கே விஷயம்: எத்தனை மணிக்கு நடந்தது, எப்படி விழுந்தார், இடையில் நினைவு போய்ப் போய் வந்ததா, நீங்கள் என்ன செய்தீர்கள். எந்த ஆஸ்பத்திரி என்பதை அவர் முடிவு செய்யட்டும். தலைக்காயத்துக்கு ஸ்கேனும் அறுவை சிகிச்சையும் இருக்கும் இடம் எது என்பது அவருக்குத் தெரியும், முன்கூட்டியே அங்கே தகவலும் சொல்லிவிடுவார்கள். "அந்த பிரைவேட்டுக்கே போங்க" என்று கூட்டம் அடம்பிடித்து ஐந்து நிமிடத்தைத் தின்றுவிடும்.

கூடப் போக வேண்டுமா? கட்டாயமில்லை. துணைக்கு யாரும் இல்லையென்றால் போங்கள், அவ்வளவுதான்.

6. ஆஸ்பத்திரி வாசலில் நீட்டும் தாள்கள்

அவசர சிகிச்சைப் பிரிவில் முதல் கேள்வி, "கூட வந்தவங்க யாரு? அட்டெண்டர் யாரு?" நான் கையைத் தூக்கினேன். அதோடு பதிவுச் சீட்டு, ஸ்கேனுக்குச் சம்மதம், ரத்தம் ஏற்றச் சம்மதம், அட்வான்ஸ் பணம் எல்லாம் என் தலையில் வந்து நின்றது. உறவுமுறை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நண்பர் என்று எழுதினேன். அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் பிறகு மூன்று முறை அலையவைத்தது.

நீங்கள் எழுத வேண்டியது: "வழிப்போக்கர், உறவினர் அல்ல." வாயிலும் அதையே சொல்லுங்கள்.

மூன்று விஷயம் மனப்பாடமாக இருக்கட்டும். பெயர், முகவரி சொல்லும்படி உதவிக்கு வந்தவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அனுமதிக் கட்டணமோ அட்வான்ஸோ கேட்டு அவரை நிறுத்திவைக்கக் கூடாது. போலீஸ் வரட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது: உயிரைக் காப்பாற்றுவது முதலில், மற்றதெல்லாம் பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. உதவுபவருக்கான பாதுகாப்பு 2016-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பாகி, 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவாகவே வந்துவிட்டது. விதிகள் 2020-ல் வந்தன. இந்த உரிமைகளை எழுதிய பலகை தனியார் ஆஸ்பத்திரி உட்பட எல்லா இடத்திலும் நுழைவாயிலில் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. வாக்குவாதம் வேண்டாம். "134ஏ பிரிவுப்படி நான் உதவிக்கு வந்தவன், சிகிச்சையைத் தொடங்குங்க, குடும்பம் வந்துட்டு இருக்கு" என்று தாழ்ந்த குரலில் சொன்னாலே போதும். இரண்டாவது முறை எனக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்து விபத்துப் பதிவேடு. ஏ.ஆர். என்பார்கள். எப்படி நடந்தது என்று பணியிலிருக்கும் டாக்டர் கேட்டு ஒரு வரி எழுதுவார். அவசரத்தில், பார்க்காத ஆள், "பைக் சறுக்கி விழுந்துட்டார்" என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வரியை வைத்து, மாதங்கள் கழித்து அந்தக் குடும்பத்தின் இழப்பீட்டு வழக்கே ஆட்டம் காணும், வேறு வண்டி மோதவில்லை, தானாக விழுந்தார் என்று வாதிடுவார்கள். கண்ணால் பார்த்திருந்தால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: நேரம், இடம், எந்த வண்டி, எந்தப் பக்கமிருந்து. பார்க்கவில்லையென்றால், "விழுந்து கிடந்ததைத்தான் பார்த்தேன்" என்று சொல்லுங்கள்.

7. போலீஸ்

ஆஸ்பத்திரியிலிருந்தே ஸ்டேஷனுக்குத் தகவல் போய்விடும். பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் வாசலிலேயே போலீஸ் அவுட்போஸ்ட் இருக்கும். அங்கே நீங்கள் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாமல் கிளம்பலாம்.

ஆனால் கண்ணால் பார்த்த சாட்சி நீங்கள் ஒருவர்தான் என்றால், சாட்சி சொல்லுங்கள் என்றுதான் நான் கேட்டுக்கொள்வேன். ஓடிப்போன வண்டி சிக்குவதும் அந்தக் குடும்பத்துக்கு நியாயம் கிடைப்பதும் அதில்தான் இருக்கிறது. நீங்களாக ஒப்புக்கொண்டால், உங்கள் வாக்குமூலத்தை ஒரே முறையில், உங்களுக்குத் தோதான இடத்திலும் நேரத்திலும் வாங்கி முடிக்க வேண்டும் என்பதே விதி. வீட்டுக்கு வருவதானால் போலீஸ்காரர் சாதாரண உடையில் வர வேண்டும். "ஒரு கையெழுத்துதான் சார், வந்துட்டுப் போங்க" என்று திரும்பத் திரும்ப அழைப்பு வந்தால், முதல் வாக்குமூலத்தின் தேதியைச் சொல்லுங்கள். அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளாமல் விட்டது என் தவறு.

8. செலவு யாருடையது

உங்களுடையது இல்லை. குடும்பம் வந்ததும் அவர்கள் காதில் போட வேண்டியது இது.

தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம். முதல்வர் காப்பீட்டு அட்டை வேண்டாம், வருமானச் சான்று வேண்டாம், வேறு மாநிலத்தவர், வெளிநாட்டவர் என்றாலும் உண்டு. தொடக்கத்தில் ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் என்று இருந்த வரம்பு பிறகு 2 லட்சமாக்கப்பட்டது. ஆனால் எல்லாத் தனியார் ஆஸ்பத்திரியிலும் கிடையாது. திட்டத்தில் சேர்ந்த இடமா என்று அனுமதிக்கும் முன்னாலேயே கேளுங்கள், பில் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை. 48 மணி நேரம் முடியும்போது முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் தொடரலாம். இல்லையென்றால், நிலைமை சீரானதும் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம் அல்லது சொந்தச் செலவு. அதனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அந்த அட்டை, ரேஷன் அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.

மத்திய அரசும் 2025 மே மாதம் ஒரு திட்டத்தை அறிவித்தது: பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில், விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள், 1.5 லட்சம் ரூபாய் வரை. மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டால் இறப்புக்கு 2 லட்சம், கடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடு உண்டு. ஏ.ஆர். நகல், எஃப்.ஐ.ஆர். நகல் இரண்டையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். துக்கத்தில் இருக்கும் வீட்டில் இது யாருக்கும் தோன்றாது.

9. உதவியவருக்கு வரும் தொகை

உதவியவருக்கு மத்திய அரசு தரும் வெகுமதி இது. 2021 அக்டோபரில் 5,000 ரூபாயாகத் தொடங்கியது, 2025-ல் 25,000 ஆக்கி 'ராஹ்-வீர்' என்று பெயர் வைத்தார்கள். அடிபட்டவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்க வேண்டும், காயமும் கடுமையானதாக இருக்க வேண்டும்: பெரிய அறுவை சிகிச்சை, குறைந்தது மூன்று நாள் உள்நோயாளி, மூளை அல்லது தண்டுவடக் காயம் போன்றவை. இரண்டு மூன்று பேராக ஒருவரைச் சேர்த்திருந்தால் தொகை பங்காகும்.

இதற்கு மட்டும் பெயர், முகவரி, செல்பேசி எண் கொடுத்தே ஆக வேண்டும். நடந்த இடம், நேரம், நீங்கள் செய்தது எல்லாம் எழுதிய ஒப்புகைக் கடிதத்தைப் போலீஸ் தர வேண்டும். நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் ஆஸ்பத்திரி அந்த விவரத்தை ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். அது கலெக்டர் தலைமையிலான குழுவுக்குப் போய், அவர்கள் பார்த்து முடிவு செய்த பிறகு பணம் வங்கிக் கணக்கில் வரும். நாள் பிடிக்கும். அந்தக் கடிதத்தை அன்றைக்கே, மிஞ்சினால் மறுநாள் வாங்கிவிடுங்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் அன்று பணியில் இருந்தவர் மாறியிருப்பார். வாங்கத் தயங்க வேண்டாம். அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு ஆட்டோவை ஓரங்கட்டிய ஒருவருக்கு அது ஒரு மாத வருமானம்.

10. வீட்டுக்குப் போனதும்

கையைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். ரத்தம் பட்ட உடையைத் தனியாக அலசுங்கள். உங்கள் கையில் வெட்டோ கீறலோ இருந்து அதில் அவர் ரத்தம் பட்டிருந்தால், அல்லது கண்ணில் தெறித்திருந்தால், காலை வரை காத்திராதீர்கள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் ஆனால் பயனில்லை. கண்ணாடி கிழித்திருந்தால் டி.டி. ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று நாள் தூக்கம் வராது. கண்ணை மூடினால் அந்த இடம் வரும். வீட்டில் யாரிடமாவது முழுதாகச் சொல்லிவிடுங்கள். வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் போங்கள்.

அப்புறம், வண்டிப் பெட்டியில் வைக்க வேண்டியது: இரண்டு ஜோடிக் கையுறை, நான்கு பெரிய பஞ்சுத் திண்டு, ஒரு சுருள் கட்டுத்துணி, மழுங்கிய முனைக் கத்தரிக்கோல், சின்ன டார்ச். எனக்கு எல்லாம் சேர்ந்து முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. வெயிலில் கையுறை பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.